கம்பங்கூழ் போதுமா, கொலனோஸ்கோபியும் வேண்டுமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 36. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா 44 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அண்ணனுக்கு 41 வயதில் அதே நோய் வந்து போன வருடம் ஆபரேஷன் ஆனது. அவருடைய டாக்டர் சொன்னதால் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டோம். இருவருக்குமே எம்எஸ்எச்2 மரபணுவில் கோளாறு, 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று வந்தது. எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. எடை 84 கிலோ, உயரம் 168 செ.மீ. தினம் நாலைந்து சிகரெட், மாதம் இரண்டு மூன்று முறை மது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து மனைவி வீட்டில் கறியை நிறுத்திவிட்டாள். காலையில் கம்பங்கூழ், இரவில் மஞ்சள் பால். வருடா வருடம் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்கிறார்கள். பயத்தில் இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை. ஜீனிலேயே இருக்கிறது என்றால் சாப்பாட்டை மாற்றி என்ன பயன்? பயன் உண்டு என்றால், இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து கொலனோஸ்கோபியைத் தவிர்க்க முடியுமா? மனைவி என் சொந்த அத்தை மகள். அத்தைக்கும் 47 வயதில் கர்ப்பப்பையில் புற்று வந்து எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், 7 வயது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எடை, புகை, மது, சாப்பாடு இவற்றை மாற்றினால் பயன் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பயன் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றே சொல்லலாம். ஆனால் அதைக் காட்டிக் கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போட முடியாது. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுத்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் உடம்பில் என்ன குறை என்பது முதலில் தெரிய வேண்டும். குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது அதன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். கோடிக்கணக்கான எழுத்துகளை நகல் எடுத்தால் பிழை வரத்தான் செய்யும். அந்தப் பிழைகளைப் பிடித்துத் திருத்தும் வேலையைச் செய்யும் மரபணுக்களில் ஒன்றுதான் எம்எஸ்எச்2. எல்லோருக்கும் அது இரண்டு இருக்கும், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. உங்களுக்கு அப்பா வழியில் வந்தது பழுது, இதைத்தான் லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிறோம். அம்மா தந்தது நன்றாக வேலை செய்வதால்தான் 36 வயது வரை எதுவும் தெரியவில்லை. எப்போதாவது குடலின் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல நகலும் கெட்டுவிட்டால், அந்தச் செல்லில் பிழைகள் மளமளவென்று சேரும். புற்றுநோய் அங்கேதான் தொடங்குகிறது.

அதாவது, நீங்கள் புற்றுநோயோடு பிறக்கவில்லை. ஸ்டெப்னி இல்லாத வண்டியோடு பிறந்திருக்கிறீர்கள். ரோடு நன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும், ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். எடையும் புகையும் மதுவும்தான் அந்த ரோடு. 'ஜீனில் இருக்கிறது, இனி என்ன செய்து என்ன' என்று நீங்கள் கேட்டதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எண்ணிக்கையையும் சொல்கிறேன். எம்எஸ்எச்2 கோளாறு உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 75 வயதுக்குள் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் வருகிறது. இந்தியாவில் மற்ற ஆண்களுக்கு இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வித்தியாசம் பெரியது, மறைப்பதற்கில்லை. ஆனால் மற்றப் பாதிப்பேருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்குதான். ஒரே குடும்பத்தில், ஒரே மரபணுப் பழுதோடு, ஒருவருக்கு 40 வயதில் வருகிறது, இன்னொருவர் 80 வயது வரை நன்றாக இருக்கிறார். அதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. வாழும் முறைக்கும் பங்கு உண்டு என்பது இப்போது நன்றாகவே தெரிகிறது.

எப்படித் தெரிந்தது? இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த மரபணு மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் 'கேப்2' என்ற ஆய்வு நடந்தது. பல நாடுகளிலிருந்து லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள 900க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் உடல் பருமன் உள்ளவர்களுக்கு, சரியான எடையில் இருந்தவர்களைப்போல 2.4 மடங்கு பெருங்குடல் புற்றுநோய் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண் ஒன்று கூடினால் அபாயம் 7 சதவீதம் கூடியது. 2015இல் வெளிவந்த கணக்கு இது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண்களிடம்தான் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

உங்கள் பிஎம்ஐ ஏறக்குறைய 30. நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் பருமன். அதனால் உங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியது கறிக்குழம்பு அல்ல, இந்த 84 கிலோதான். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலின் அளவை உயர்த்துகிறது, உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சியை மூட்டிவைக்கிறது. இரண்டுமே குடல் செல்களை வேகமாகப் பெருகத் தூண்டும். நகல் அதிகமானால் பிழையும் அதிகம், உங்களிடம் திருத்துகிற ஆள் குறைவு. ஒரேயடியாக இறங்க வேண்டாம். இந்த வருடத்துக்குள் 76 கிலோ, அடுத்த வருடம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு 90 செ.மீ.க்குள் வர வேண்டும். கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, நடுவில் இரண்டு டீ, கூடவே ஒரு வடை, இரவு எட்டரை மணிக்கு வயிறு முட்டச் சோறு என்று இருந்தால், காலையில் குடித்த கம்பங்கூழால் எடை இறங்காது. கூழ் நல்லதுதான், அதைக் குடிப்பதை நிறுத்த வேண்டாம். இரவுச் சோற்றை அரைப்பங்காக்குங்கள், டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், மில்லிலிருந்து வீட்டுக்கு நடந்து வர வழியுண்டா என்று பாருங்கள்.

நடையோடு நிற்காமல் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லிஞ்ச் உள்ள 21 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள், 2023இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள், 45 நிமிடம், வேகமாகச் சைக்கிள் மிதித்தவர்களின் குடல் உள்சுவரில், புற்றுச் செல்களைத் தேடி அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒரு வருடத்தில் கூடியிருந்தன, அழற்சியைத் தூண்டும் ஒரு ரசாயனம் குறைந்திருந்தது. இருபத்தொரு பேர் ஆய்வை வைத்து 'நோய் வராது' என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குடலுக்குள்ளேயே அந்த மாற்றத்தைப் பார்த்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சிகரெட்டுக்குப் பேச்சே இல்லை, நிறுத்த வேண்டும். நாலைந்துதான் என்று எழுதியிருக்கிறீர்கள். லிஞ்ச் உள்ளவர்களில் புகைப்பவர்களுக்குக் குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு கட்டிகளான பாலிப்பும் அதிகம், புற்றும் அதிகம். விட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் குறைகிறது. மதுவும் அப்படித்தான். மாதம் இரண்டு மூன்று முறை என்பது குறைவு என்றாலும், உங்கள் நிலையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. விட்டுவிட்டால் நல்லது.

இனி சாப்பாடு. மனைவி கறியை முழுதாக நிறுத்தியதில் தவறில்லை, ஆனால் அவ்வளவு கெடுபிடி தேவையுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல், சாஸேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது. அதை வீட்டுக்குள் விட வேண்டாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை 'உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது. வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான ஆலோசனை, நம் வீடுகளில் பெரும்பாலும் அவ்வளவு வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மட்டன் குழம்பு வைத்தால் குற்ற உணர்வு வேண்டாம். மீனும் கோழியும் இந்தப் பட்டியலில் இல்லை.

மஞ்சள் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்குமினைப் பரம்பரைக் குடல் பாலிப் நோய் உள்ள 44 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தினம் 3 கிராம் சுத்தமான குர்குமின், ஒரு வருடம். பாலிப்பின் எண்ணிக்கையிலும் அளவிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த அளவு குர்குமின் ஒரு தம்ளர் பாலில் போடும் மஞ்சளிலிருந்து கிடைக்காது. பிடித்திருந்தால் குடியுங்கள், மருந்து என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று சுவாரசியமானது. அதே கேப்2 ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினம் 30 கிராம் 'எதிர்ப்பு மாவுச்சத்து' கொடுத்தார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் நல்ல கிருமிகளுக்கு உணவாகும் மாவுச்சத்து அது. முழுதாகப் பழுக்காத வாழைப்பழத்தில் இருக்கிறது. சோற்றை ஆறவைத்தாலும் ஓரளவு உருவாகும், பழைய சோற்றில் இருப்பது அதுதான். குடல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறையவில்லை. ஆனால் லிஞ்ச் உள்ளவர்களுக்கு வரக்கூடிய மற்றப் புற்றுநோய்கள், முக்கியமாக இரைப்பை, சிறுகுடல் தொடக்கம், பித்தநாளம், கணையம் ஆகியவற்றில் வருபவை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2022இல்தான் இந்த முடிவு வந்தது. பழைய சோறு 30 கிராம் மாவுச்சத்துக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். வாழைக்காய், பயறு, ஆறிய சோறு இவையெல்லாம் உங்கள் தட்டில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

உணவைவிட வலுவான சான்று ஒரு மாத்திரைக்கு இருக்கிறது, ஆஸ்பிரின். கேப்2 ஆய்வில் 861 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் சராசரியாக இரண்டு வருடம் கொடுத்தார்கள். பத்து வருடமும், சிலரை இருபது வருடம் வரையும் கவனித்து 2020இல் முடிவைச் சொன்னார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 434 பேரில் 58 பேருக்குக் குடல் புற்றுநோய், ஆஸ்பிரின் சாப்பிட்ட 427 பேரில் 40 பேருக்கு. பலன் உடனே தெரியவில்லை, சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உடல் பருமனால் வந்த கூடுதல் அபாயமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் காணப்படவில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் 2020இலிருந்து லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைக்கிறது.

இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். ஆஸ்பிரின் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கக்கூடியது. அளவை உங்கள் எடை, ரத்த அழுத்தம், அல்சர் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். தொடங்குவதற்கு முன் இரைப்பையில் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அது லிஞ்ச் உள்ளவர்களின் இரைப்பைக்கும் நல்லது. இன்னொரு எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. டெங்கு காய்ச்சலில் ஆஸ்பிரின் ஆபத்து, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். தினம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் 'நான் ஆஸ்பிரினில் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.

சரி, இத்தனையும் செய்தால் கொலனோஸ்கோபி வேண்டாமா? ஆஸ்பிரின் கணக்கையே இன்னொருமுறை பாருங்கள். மாத்திரை சாப்பிட்ட 427 பேரில் 40 பேருக்கு நோய் வந்தது. அபாயம் குறைந்தது, போய்விடவில்லை. கொலனோஸ்கோபி எவ்வளவு உதவும் என்பதை ஃபின்லாந்தில் 15 வருடம் பார்த்து 2000இல் எழுதினார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்துகொண்ட 133 பேரில் 8 பேருக்குப் புற்றுநோய் வந்தது, அதனால் ஒருவரும் இறக்கவில்லை. செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள். இந்த எண்களை நான் என் நோயாளிகளுக்குத் தாளில் எழுதியே காட்டுவது வழக்கம்.

இப்போது ஒரு வருடம் அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறோம். மற்றவர்களுக்கு ஒரு பாலிப் புற்றாக மாறப் பத்து வருடம்போல ஆகும், லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே மாறிவிடலாம். எம்எஸ்எச்2 கோளாறு உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டியது. உங்களுக்குப் பதினொரு வருடம் தாமதமாகிவிட்டது. அது உங்கள் தவறில்லை, போன வருடம்தானே தெரிந்தது. ஆனால் இனிமேல் தள்ளிப்போட்டால் அது நம் கையில் இருந்ததை விட்டதாக ஆகும். கஷ்டம் எல்லாம் முந்தின நாள்தான், வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்துநீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடக்க வேண்டியிருக்கும். பரிசோதனையின்போது மயக்க ஊசி போடுவார்கள், அரை மணி நேரம்போல, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியதற்கு வருகிறேன். மனைவி உங்கள் சொந்த அத்தை மகள், அத்தைக்கு 47 வயதில் கர்ப்பப்பையில் புற்று. லிஞ்ச் குடும்பங்களில் பெண்களுக்குக் குடலைப்போலவே அடிக்கடி வருவது கர்ப்பப்பையின் உள்சுவர்ப் புற்றுநோய். இந்த நோயின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து சாவதாகவும், தானும் அப்படித்தான் சாவேன் என்றும் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் வருந்திச் சொன்னார். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தைச் சோதித்தபோது பழுது இருந்தது உங்களுக்கு இருக்கும் அதே எம்எஸ்எச்2 மரபணுவில்தான்.

அதனால் உங்கள் அத்தைக்கும் இந்தப் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு இருந்தால், உங்கள் மனைவிக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தினமும் உங்களுக்காகக் கூழ் காய்ச்சுகிற அவரை இதுவரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அத்தைக்கும் மனைவிக்கும் அந்த ஒரு பழுதை மட்டும் தேடும் ரத்தப் பரிசோதனை போதும், நீங்கள் செய்த முழுப் பரிசோதனையைவிட அது மலிவு. அத்தையின் பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள், புற்று கர்ப்பப்பையின் உள்சுவரிலா வாயிலா என்று அதில் இருக்கும். வாயில் வந்ததென்றால் அது வேறு நோய், ஆனாலும் மனைவியின் பரிசோதனையை விட வேண்டாம். மனைவிக்குப் பழுது இருந்தால், அவருக்கும் உங்களைப்போலவே கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். மாதவிலக்கு தாறுமாறானாலோ நடுவில் ரத்தம் பட்டாலோ 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடாமல் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவானபின், 40 வயதை ஒட்டி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதைப் பற்றி அவரோடு பேசுவார்கள்.

மகளைப் பற்றி நிதானமாகப் படியுங்கள். கணவன் மனைவி இருவருக்குமே ஒரே மரபணுவில் பழுது இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு நகலுமே பழுதாக வரலாம். அப்படி வந்தால் சின்ன வயதிலேயே ரத்தம், மூளை, குடல் ஆகியவற்றில் புற்று வரக்கூடும், தோலில் காப்பி நிறத்தில் தட்டையான திட்டுகள் தெரியலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் மருத்துவர்கள் இதைக் கேட்க மறக்கக் கூடாது. ஆனால் இது மனைவியின் ரிசல்ட்டைப் பொறுத்தது. அவருக்குப் பழுது இல்லை என்று வந்தால் மகளுக்கு இந்த ஆபத்து இல்லை, உங்களிடமிருந்து ஒரு நகல் வந்திருக்குமா என்பதை அவள் 18 வயதில் தானே முடிவெடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மனைவிக்கு இருக்கிறது என்று வந்தால் மட்டும், மகளை மரபணு மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு குழந்தை பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் இந்த ரிசல்ட் வரும்வரை காத்திருங்கள்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை: லிஞ்ச்சால் வரும் புற்றுநோய்கள், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மீது ஏவிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன. நோய் திரும்பினால் அதைப் பற்றித் தன் மருத்துவரிடம் அவர் கேட்க வேண்டும். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், அப்பாவின் மற்ற உடன்பிறப்புகளின் பிள்ளைகளுக்கும் இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும். கல்யாண வீட்டில் சொல்வதைவிட, ரிப்போர்ட்டின் நகலோடு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்வது நல்லது.

வரும் வாரம் கொலனோஸ்கோபிக்குத் தேதி வாங்குங்கள். ரத்தம் கொடுக்கப் போகும் அன்று மனைவியோடு அத்தையையும் கூட்டிப்போங்கள். மூன்று பேரின் ரிசல்ட்டும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.